பின்வரிசையில் ஒரு பிள்ளை

அன்புள்ள பங்குமக்களுக்கும், பங்குச்சாமிக்கும், உபதேசியார் மாமாவுக்கும், டப்ளினிலிருந்து ஸ்தோத்திரம்.

போன வாரம் நம் பங்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது: அயர்லாந்தில் கத்தோலிக்கப் பள்ளிகளைப் பறிக்கிறார்களாம், எல்லாரும் ஜெபமாலை சொல்ல வேண்டுமாம். ஆளுக்கு ஆள் கைகூப்பிய படம் போட்டிருந்தீர்கள். ஜெபமாலை சொல்லுங்கள், வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஆனால் பறிப்பு என்று ஒன்றும் நடக்கவில்லை. பதினெட்டு வருஷமாக இங்கே நர்ஸ் வேலை பார்க்கிறேன், இரண்டு பெண்களைப் பள்ளிக்கு அனுப்புகிறவள். கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

இந்த நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கையில். புரவலர் ஆயர், வாத்தியார் சம்பளம் அரசுடையது. நம் உதவிபெறும் பள்ளி மாதிரிதானே என்பீர்கள். பாதி சரி. நம் கோயில் பள்ளி பிடிக்காதவர் அடுத்த தெருவில் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்குப் போகலாம். இங்கே பல ஊர்களில் ஆயர் பள்ளியை விட்டால் வேறு பள்ளியே கிடையாது. 1831-ல் இந்தப் பள்ளிமுறை தொடங்கியபோது எல்லாச் சபைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கட்டும், மதபாடம் மட்டும் தனியே நடக்கட்டும் என்பதுதான் திட்டம். பிறகு ஒவ்வொரு சபையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

மூத்தவளைத் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்து பெற்றேன், ஞானஸ்நானமும் நம் கோயிலில்தான். 2014-ல் அவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது முதலில் கேட்டது அந்தச் சான்றிதழை. மாமா, ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி போன் போட்டு உங்களை எழுப்பினேன். மறுநாளே பதிவேட்டைப் பார்த்து எழுதி, சாமியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அனுப்பினீர்கள். இடம் கிடைத்தது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மதுரைக்காரக் குடும்பம், இந்துக்கள். அவர்களுக்கும் அதே வயதில் ஒரு பெண். எங்களைவிட அவர்கள் வீடுதான் பள்ளிக்குக் கிட்ட. ஆனால் இடம் நெருக்கடியான பள்ளியில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முதலிடம் கொடுக்கலாம் என்று அன்றைய சட்டம் சொன்னது. அந்தப் பிள்ளை பெயர் பட்டியலின் அடியில் கிடந்தது. தினம் காலையில் அதன் அப்பா அதைக் காரில் ஏற்றிக்கொண்டு இன்னொரு பேட்டைக்குப் போவார், எங்களைப் பார்த்துக் கையும் அசைப்பார். உங்கள் முத்திரை வைத்த தாள் என் அலமாரியில் இருந்தது. அதை நினைத்தால் அப்போது பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு இடம் காலியாகி அவளும் இவள் வகுப்புக்கே வந்தாள். இரண்டாம் வகுப்பில் புதுநன்மை. இங்கே அதற்குத் தயாரிப்பு ஞாயிறு மறைக்கல்வியில் அல்ல, பள்ளி நேரத்தில், வகுப்பு டீச்சரே நடத்துவார். ஒருநாள் பூசையில் வைக்காத வெறும் அப்பத்தைக் கொடுத்து நாக்கில் எப்படி வாங்குவது என்று பழக்கியிருக்கிறார்கள். பின்வரிசையில் படத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த மதுரைப் பிள்ளை எழுந்து வந்து, "எனக்கு?" என்று கேட்டதாம். டீச்சர் நல்லவர். அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லையாம்.

மதபாடத்தில் உட்காராமல் இருக்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. 1937 அரசியலமைப்பிலேயே இருக்கிறது. உட்காராமல் எங்கே போகும்? ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர். பின்வரிசைதான்.

நம்மைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். நம் பள்ளியில் மணி அடித்ததும் நாங்கள் மறைக்கல்விக்கு, மற்றவர்கள் வேப்பமரத்தடியில் நீதிபோதனைக்கு. அவர்களுக்குக் கதை, எங்களுக்கு மனப்பாடம். எனக்கு அப்போது பொறாமை. ஆனால் காலை அசெம்பிளியில் எல்லாருமே சிலுவை போட்டோமே, என் பெஞ்சில் இருந்த முஸ்லிம் பிள்ளையும்தான். அதன் வாப்பாவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? இந்திய அரசியலமைப்பின் 28-வது பிரிவு, சம்மதம் இல்லாமல் கூடாது என்கிறது. சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தரும் 30-வது பிரிவை மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே 2018-ல் சட்டம் மாறிவிட்டது. கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி இனி ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்து இடம் தர முடியாது. சிறுபான்மைச் சபைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2011-ல் நூற்றுக்கு 84 பேர் கத்தோலிக்கர் என்று எழுதினார்கள், 2022 கணக்கெடுப்பில் 69. பள்ளிகள் மட்டும் அப்படியே. டப்ளின் பேராயராக இருந்த டயர்மிட் மார்ட்டினே, சில பள்ளிகளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். 2030-க்குள் மதம் சாராத, பல மதத்தாருக்கும் பொதுவான பள்ளிகளை 400 ஆக்குவது அரசின் இலக்கு. நகர்வது ஆமை வேகம். ஆயர்கள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பூசைப் பக்கமே போகாத பெற்றோர்கூட மாற்றம் என்றால் பதறுகிறார்கள். புதுநன்மை வெள்ளைக் கவுனும் விருந்தும் போய்விடுமோ என்ற பயம்!

அரசு காசு கொடுக்கும், சாமியார் நடத்துவார் என்றால் கேள்வி கேட்பவர் யார்? கார்க் மாவட்டப் பள்ளி ஒன்றில் 1973-ல் தலைமையாசிரியர் ஒரு சிறுமியிடம் நடந்துகொண்ட அக்கிரமத்துக்குப் பொறுப்பு தன்னுடையது இல்லை என்றே அரசு வாதாடியது. பொறுப்பு உண்டு என்று 2014-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லும்போது அந்தச் சிறுமிக்கு ஐம்பது வயதை ஒட்டியிருந்தது.

பள்ளி போனால் விசுவாசம் போய்விடும் என்கிறீர்கள். பள்ளி கையில் இருந்தும் எங்கள் பங்கில் புதுநன்மைக்கு மறு ஞாயிறு பெஞ்சு காலி. எல்லாம் டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று வீடு கைகழுவியதன் பலன் அது. ஊரில் நாம் சிறுபான்மை என்று கேட்டு வாங்குவதை, நாம் பெரும்பான்மையாக இருக்கும் இங்கே அந்த மதுரைப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பங்குப்பேரவைக்கு ஒரு வேண்டுகோள்: வருகிற சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள். மதபாடத்துக்கும் ஜெபத்துக்கும் பெற்றோர் சம்மதமா என்று கேட்டு, கையெழுத்துக்கு இடம் விடுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாத பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒரு வாத்தியாரையும் ஒதுக்குங்கள்.

சின்னவளை எஜுகேட் டுகெதர் பள்ளியில் போட்டிருக்கிறேன். அங்கே எல்லா மதத்தைப் பற்றியும் பாடம் உண்டு, புதுநன்மைத் தயாரிப்பு கிடையாது. அதனால் ஞாயிறு காலையில் சமையலறை மேஜையில் நானே சொல்லிக்கொடுக்கிறேன். பாதி எனக்கே மறந்துவிட்டது. மாமா, பழைய மறைக்கல்விப் புத்தகமான சின்னக் குறிப்பிடம் ஒன்று கோயில் பீரோவில் இருந்தால், மாதா திருவிழாவுக்கு வரும் என் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள்.