ஓசியில மெய்ப்பு பார்க்கலாமா?

ப்ரூஃப் ரீடர் ஆகணும், எடிட்டர் ஆகணும்னு ஆசைப்படுற பசங்க ரெண்டு மூணு பேர் சமீபத்துல ஒரே கேள்வியைக் கேட்டாங்க. "எங்க போனாலும் முன் அனுபவம் இருக்கான்னுதான் கேக்குறாங்க. வேலை குடுத்தாத்தானே அனுபவம் வரும்? அதுக்காகக் கொஞ்ச நாள் காசு வாங்காம செய்யலாமா?"

செய்யலாம். ஆனா யாருக்குச் செய்யறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. என் கட்சி இதுதான்: பொதுச்சொத்துக்கு ஓசியில உழைங்க. விலை போட்டு விக்கறவங்களுக்கு உழைக்காதீங்க.

ஜனவரியில சென்னைப் புத்தகக் காட்சி. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பதிப்பகங்கள்ல தலைபோற அவசரம். அப்பதான் "அனுபவம் கிடைக்கும்மா" என்று சொல்லி ஒரு முழு நாவலைத் தலையில கட்டுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு அப்படி முந்நூறு பக்கம் பார்த்துக் குடுத்துச்சு. புத்தகம் வந்தது. நன்றியுரையில ஊர்ப்பட்ட பேர் இருந்தது, இந்தப் பொண்ணு பேரைத் தவிர. அடுத்த இடத்துல போய் "அதை நான்தான் பார்த்தேன்" என்றால் யார் சாட்சி? காசும் இல்ல, பேரும் இல்ல, சொல்லிக்க ஆதாரமும் இல்ல. இது போதாதுன்னு, பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிப் பிழைக்கிற ஒரு மெய்ப்பாளருக்கு அந்த வேலையும் போச்சு. நாம இலவசமா செய்யறது நம்ம பாக்கெட்டை மட்டும் தொடற சமாச்சாரம் இல்லீங்க.

இப்ப இந்தப் பக்கம் பாருங்க. 1998 பொங்கலன்னைக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம் முழுக்க முழுக்கத் தன்னார்வலர்களால் நடந்தது. அவங்க மின்னூலைத் திறந்தா முதல்லயே தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார்னு பேர் போட்டிருப்பாங்க. பைசா தரல, ஆனா பேரை மறைக்கல. அந்தப் பண்பாடுதான் எனக்குப் பிடிச்சது.

இன்னைக்குப் புதுசா வர்றவங்களுக்கு நான் கை காட்டறது தமிழ் விக்கிமூலம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களோட நூல்கள் அங்கே ஸ்கேன் படமாகக் குவிஞ்சு கிடக்கு. ஒரு பக்கம் படம், பக்கத்துலயே ஓசிஆர் படிச்ச எழுத்து. ரெண்டையும் ஒப்பிட்டுத் திருத்தணும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருத்தர் மெய்ப்பு பார்த்தா மஞ்சள். வேறொருத்தர் மறுபடி சரிபார்த்தாத்தான் பச்சை. நீங்க மஞ்சளாக்கின பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது. ஒருத்தர் கண் போதாதுங்கற தொழில் பாடம் இதுல தானா வந்துடும்.

ஓசிஆர் பண்ற கூத்து இருக்கே! துணைக்காலை 'ர' என்று படிக்கும். 'ஔ'வை 'ஒ'வும் 'ள'வுமாப் பிரிச்சுப் போடும், சும்மா பார்த்தா தெரியவே தெரியாது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு குழப்பம் தனி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சுன்னா பழைய 'ணை', 'லை' வடிவங்களும் வந்து நிக்கும். ஒரு நூறு பக்கம் பார்த்து முடிங்க, உங்க கண்ணு வேற கண்ணாயிடும். முக்கியமா, எந்தத் தேதியில எந்தப் பக்கத்துல என்ன மாத்தினீங்கன்னு உங்க கணக்குல வரலாறா நிக்கும். கேக்கறவங்ககிட்ட அந்தச் சுட்டியைக் குடுத்தா போதும்.

ஆனா இது மெய்ப்பு மட்டும்தான். அச்சுல இருக்கறதை அப்படியே கொண்டு வரணும், ஆசிரியர் வாக்கியத்துல கை வைக்கக் கூடாது. எடிட்டிங் பழகணும்னா தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வாங்க. 2009 வாக்கில் கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டம் மூலமா வந்து சேர்ந்த கட்டுரைகள்ல நிறைய கரடுமுரடா இருந்து, அங்க இருந்தவங்களுக்கு அது பெரிய தலைவலியாச்சு. "இந்த நகரம் அதன் கடற்கரைகளுக்காக அறியப்படுகிறது" என்கிற மாதிரி வாக்கியம் இன்னிக்கும் எங்கயும் கிடைக்கும். "கடற்கரைக்குப் பேர்போன ஊர்" என்று மாத்தறதுதான் எடிட்டர் வேலை. மாத்தினா சும்மா விடுவாங்களா? ஒருத்தர் வந்து திருப்பிப் போடுவார். ஏன் மாத்தினேன்னு உரையாடல் பக்கத்துல காரணம் சொல்லணும். நாளைக்கு எழுத்தாளர் முன்னாடி உக்காந்து பேசப் போறதுக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

"விக்கியில பண்ணினதை எந்தப் பதிப்பகம் மதிக்கும்?" என்று கேப்பீங்க. நியாயம். பல பேர் மதிக்க மாட்டாங்க. அதனால வெறும் கணக்கைக் காட்டாதீங்க. திருத்தறதுக்கு முன்னாடி ஒரு பக்கம், பின்னாடி அதே பக்கம், ரெண்டையும் அச்செடுத்துக் கையில வச்சுக்கோங்க. பேச வேண்டியதை அது பேசும். அப்புறமும் "சோதனைக்கு" என்றால் ரெண்டு மூணு பக்கம் தாராளமா பார்த்துக் குடுங்க. முழுப் புத்தகம்னா கூலி என்னன்னு கேளுங்க. கேக்கறதுக்குக் கூச்சமே வேண்டாம், அந்தப் புத்தகத்தை அவங்க சும்மா குடுக்கப் போறதில்ல.

இன்னொண்ணு. இலவச உழைப்புக்கு ஒரு எல்லை போட்டுக்கோங்க. ஒரு புத்தகம், இல்லேன்னா மூணு மாசம். அதுக்கு மேல செய்யறது ஆசைக்காக இருக்கட்டும், வேலை கிடைக்கும்னு நம்பி இருக்க வேண்டாம்.

டிஸ்கி: இந்தப் பதிவுல ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கறவங்க நேரா விக்கிமூலத்துக்குப் போகவும். அங்க ஆள் தேவை :-)