மார்க்கெட் விழும்போது மனசை நம்பாதீங்க, மீட்டரைப் பாருங்க



சேலம் கமலாபுரம் ஏர்போர்ட்டில் ஏறி சென்னைக்குப் போறீங்க. விமானம் மேகத்துக்குள் நுழையுது. ஜன்னலில் வெறும் வெள்ளை. பைலட் அப்போ எதை நம்பி ஓட்டுறார்? எதிரே இருக்கும் மீட்டர்களைத்தான்.

இந்தப் பாடம் சும்மா வரலை. ஆரம்ப காலப் பைலட்கள் உடம்பு சொல்வதைத்தான் நம்பினார்கள். 1926-ல் டாக்டர் டேவிட் மையர்ஸ், அமெரிக்க ராணுவப் பைலட் வில்லியம் ஆக்கரைக் கண்ணை மூடச் சொல்லி சுழல் நாற்காலியில் சுற்றினார். வேகம் குறைந்ததும், நாற்காலி எதிர்ப்பக்கம் சுற்றுவதாக ஆக்கருக்குத் தோன்றியது. பல வருட அனுபவசாலியையே உள்காது ஏமாற்றிவிட்டது!

1929-ல் எட்வின் லிங்க், தன் குடும்பத் தொழிலான ஆர்கன் வாத்தியத்தின் துருத்திகளை வைத்தே, தரையில் நின்று ஆடும் பயிற்சி விமானம் செய்தார். ராணுவம் கண்டுக்கலை. 1934-ல் ராணுவம் தபால் சுமக்கும் வேலையை ஏற்றபோது, மோசமான வானிலையில் பலர் இறந்தார்கள். அதுக்கப்புறம்தான் அந்த மெஷினில் 6 வாங்கினார்கள்.

இப்போ உங்க எஸ்.ஐ.பி-க்கு வருவோம். ஆப் முழுக்கச் சிவப்பு. "நிறுத்திடு"ன்னு மனசு கத்தும். ஏறும்போது அதே மனசு, "லோன் போட்டாவது வாங்கு"ன்னு சொல்லும். முட்டை விலை ஒரு வாரம் இறங்கினா நாமக்கல் பண்ணைக்காரர் கோழிகளை வித்துடுவாரா? தீவனச் செலவையும் கையிருப்பையும்தானே பார்ப்பார்!

உங்களுக்கும் நாலு மீட்டர் இருக்கு: 6 மாசச் செலவுக்கான அவசர நிதி, சம்பளத்தில் இ.எம்.ஐ எவ்வளவு, பணம் தேவைப்படும் வருஷம், பங்குகளில் எத்தனை சதவீதம். இந்த நாலும் மாறலைன்னா எஸ்.ஐ.பி-யைத் தொடாதீங்க.

ஆனா ஒரே மீட்டரையும் நம்பக்கூடாது. 1978 ஜனவரி 1 இரவு, மும்பையில் கிளம்பிய ஏர் இந்தியா 855 விமானம் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். கேப்டன் முன்னால் இருந்த, சாய்வைக் காட்டும் கருவி பழுது. வெளியே இருட்டு. சரியாகக் காட்டிய மற்ற கருவிகளோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கலை. போர்ட்ஃபோலியோ மதிப்பு மட்டும், ஒரே யூடியூபர் மட்டும் (நாங்களும் சேர்த்துத்தான்!) என்று இருப்பதும் இதே ஆபத்துதான்.

பைலட் மேகத்துக்குள் போன பிறகு பயிற்சி எடுப்பதில்லை. நீங்களும் மார்க்கெட் அமைதியா இருக்கும்போதே அந்த நாலு நம்பரையும் ஒரு பேப்பரில் எழுதி வைங்க. அடுத்த சம்பளத்துக்குள்ள!