பழைய வீணையின் மதிப்பு

நம் உத்திரமேரூர்ப் பக்கத்து இல்லங்கள் சிலவற்றில் பாட்டியார் காலத்து வீணை பரண்மேல் தூசி படிந்து கிடக்கின்றது. வாங்க வருவோர் யாளிமுகத்தின் அழகை மட்டும் நோக்கி விலை கூறுவர். வீட்டாரோ புது வர்ணம் பூசினால் விலை உயருமென எண்ணுவர். இரண்டும் பிழையென்பதே நம் துணிபு.

வீணையின் மதிப்பு மரத்திலும் வேலைப்பாட்டிலும் நாதத்திலும் உளது. குடம், தண்டி, யாளிமுகம் மூன்றும் ஒரே பலாமரத்தில் குடையப்பெற்றது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தது ஒட்டு வீணை. குடமும் தண்டியும் கூடுமிடத்தை உற்று நோக்கின் இவ்வேறுபாடு புலனாம். மரத்தில் வெடிப்பும் தண்டியில் வளைவும் உளவோவென ஆராய்க. மெட்டுப் பெயர்ந்திருத்தல் பெருங்குறையன்று. 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவையே. தேர்ந்த கைவினைஞர் மெழுகை மாற்றி மீண்டும் சுரத்தானம் அமைத்துத் தருவர். யானைத்தந்த வேலைப்பாடு இருப்பின் விற்குமுன் சட்டத்தை அறிதல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வாணிகத்தைத் தடுக்கின்றன.

வெயிலில் மெழுகு இளகும். ஈரத்தில் மரம் கெடும். ஆதலின் உலர்ந்த நிழலிடத்தில் உறையிட்டு வைத்தலும், மெல்லிய துணியால் துடைத்தலும், அடிக்கடி மீட்டுதலும் நற்காப்பாம்.

நம்மூர்க் கோயிற்சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைச் சாசனம் ஆயிரம் ஆண்டு கடந்தும் படிக்கக் கிடைக்கின்றது. அழகு கருதி எவரேனும் அதன்மேல் சாந்து பூசியிருப்பின் நம் ஊரின் பெருமையை எங்ஙனம் அறிவோம்? பழைய வீணையின்மேற் பூசும் வர்ணமும் அத்தகையதே. செய்தவன் கைத்திறனை அது மறைக்கின்றது. அன்பர்களே, விற்கத் துணியுமுன் தந்தி பூட்டி ஒருமுறை மீட்டச்செய்து கேண்மின். பின்னர் விலையைப் பேசலாம்.