படகோட்டும் இளைஞருக்குச் சான்று வேண்டும்

நுவரெலியாவில் உள்ள கிரகரி ஏரி, ஆளுநர் சர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இன்று அங்கே உல்லாசப் பயணிகளை ஏற்றிப் படகுகள் ஓடுகின்றன. தேயிலைத் தோட்டத்தில் போதிய ஊதியம் காணாத எம் இளைஞருக்கு இது ஒரு பிழைப்பு வழி. ஆயினும், பிறர் உயிரை ஏற்றிச் செல்லும் தொழில், பயிலாதார் கையில் விடத்தக்கதன்று.

2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிச் சிறாரும் மாண்டனர். 2023 மே 7ஆம் நாள் கேரளத்துத் தானூரில் அளவுமீறி ஆளேற்றிய உல்லாசப் படகு 22 உயிர்களைப் பலி கொண்டது. விதி என்று கூறி நாம் வாளாவிருக்கலாமா?

எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள கனடாவிலே, உல்லாச இயந்திரப் படகு செலுத்துவோர் எவ்வயதினராயினும் தகுதிச் சான்று பெற்றிருத்தல் 2009 முதல் கட்டாயமாகும். 12 வயது நிரம்பாதவர் தனித்துச் செலுத்துவதாயின், 10 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரம் ஆகாது.

மலைநாட்டுக்கும் இத்தகைய ஒழுங்கு வேண்டும். எத்தனை பேரை ஏற்றலாம், உயிர்காப்பு அங்கியை எவ்வாறு பூட்டுவது, குளிர்நீரில் வீழ்ந்தவரை எவ்வாறு மீட்பது, காற்றெழுந்தால் எப்போது கரை சேர்வது என்பனவற்றைக் கற்பித்துச் சான்று வழங்குக. பாடமும் தேர்வும் தமிழிலும் நடைபெறுக. கட்டணம் ஏழைத் தொழிலாளியின் நாட்கூலியை விழுங்காதிருக்க.

சான்று வெறுங் கடதாசியன்று. "இன்னும் இருவரை ஏற்று" என்னும் முதலாளியிடம் "ஏற்றேன்" என்று மறுக்க, அவ்விளைஞனுக்கு அதுவே துணை. அத்துணையை அளிப்பது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது நம் கடமை.