கோழியும் வெள்ளரிக்காயும்

போன கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக் குழம்பு. திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் பையனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். இரவில் எனக்கும் அதே கதை. நான் மாத்திரையோடு தப்பித்தேன். அவனுக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து வயதுப் பையன் கண் பஞ்சடைந்து கிடந்ததைப் பார்த்தபோது கோழிக்கடைக்காரர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

காலமெல்லாம் அலுவலகத்தில் குறிப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குப் 'பொருள்', 'பார்வை' எல்லாம் போட்டு இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். அதைப் பற்றி மருத்துவரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "வீட்ல வேற யாருக்கும் சரியில்லையா சார்?"

என் மனைவிக்கு ஒன்றுமில்லை. குழம்பை மூன்று பேருமே சாப்பிட்டோம்.

"அப்போ நீங்களும் பேரனும் மட்டும் சாப்பிட்டது என்ன?"

வெள்ளரிக்காய். அதை நறுக்கியவன் நான்தான். கடையில் பெரிதாக வெட்டித் தந்த கோழித் துண்டுகளைச் சிறிதாக்கிய அதே பலகை, அதே கத்தி. நடுவில் தண்ணீரில் ஓர் அலசு அலசியதோடு சரி. "நிச்சயமாச் சொல்ல முடியாது, ஆனா அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்" என்றார் மருத்துவர். அந்த மனு இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்குப் பாஸ்டரைத் தெரியாமல் இருக்காது. 1880 வாக்கில் அவர் தடுப்பூசி ஆராய்ச்சியில் முக்கியமான படியைத் தாண்டியது கோழிக் காலராக் கிருமியை வைத்துத்தான். அது கோழியைக் கொல்லும் கிருமி. இன்று நம்மைப் படுத்துகிற சால்மோனெல்லாவும் கேம்பைலோபேக்டரும் வேறு விதம். பெரும்பாலும் கோழியை அவை ஒன்றும் செய்வதில்லை. துறுதுறுவென்று நிற்கிற கோழியின் குடலிலும் இருக்கும். ஆகவே "நல்ல கோழியாப் பார்த்துப் போடுங்க அண்ணாச்சி" என்று நாம் கடையில் சொல்வதில் பெரிய பயன் இல்லை. நாட்டுக்கோழி என்றாலும் குடல் குடல்தான்.

குடலை எடுக்கும்போது அது கிழிந்தால் உள்ளே இருப்பது கறியில் படும். அங்கிருந்து கத்திக்கு, கத்தியிலிருந்து வெட்டுக்கட்டையின் பிளவுகளுக்கு, கட்டையிலிருந்து அடுத்த கோழிக்கு. ஞாயிறு காலையில் நம் ஊர்க் கடைகளில் கவனித்துப் பாருங்கள். ஒரே வாளித் தண்ணீரில் எத்தனை கோழி முங்கி எழுகிறது? கறி வெட்டிய கைதானே காசையும் வாங்கிப் போடுகிறது? நாமோ எழுதிப் போட்டிருக்கும் விலையைப் பார்க்கிறோம். அந்த வாளியைப் பார்ப்பதில்லை.

பச்சைக் கோழியில் கிருமி இருக்கும் என்று எண்ணிக்கொண்டு நடப்பதே புத்தி. நன்றாகக் கொதித்த குழம்பில் அது செத்துப் போகும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் போதும். கொதிக்கும் குழம்பு அதற்கும் மேலே. ஆபத்து எங்கே என்றால், அடுப்புக்குப் போகாத பொருளில்தான். வெள்ளரிக்காய், வெங்காயப் பச்சடி, கொத்தமல்லித் தழை, குழாயின் பிடி, நம் கை.

2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தாள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. இரண்டு முறையும் ஊர் ஊராகக் கடைகளில் சோதனை நடந்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. தேவையான நடவடிக்கைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை போன பிறகு பத்து நாள் ஓடியாடுவதை விட, சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடையின் கட்டையையும் கத்தியையும் தண்ணீரையும் பார்ப்பது மேல். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வேண்டிய அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்து பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அங்கே நாம்தான் அதிகாரி. கோழியைக் கழுவவே வேண்டாம், தண்ணீர் தெறித்துக் கிருமி பரவும் என்று இங்கிலாந்து உணவுத் தர முகமை 2014இல் பிரசாரம் செய்தது. அங்கே சுத்தம் செய்து, குளிரவைத்து, பொட்டலமாக வருகிறது. ரத்தமும் இறகுமாக வருகிற நம் கோழியைக் கழுவாமல் அடுப்பில் ஏற்று என்றால் எந்த வீட்டில் கேட்பார்கள்? இதைச் சொன்னதற்கு, "தாமிரபரணித் தண்ணியில மஞ்சத்தூள் போட்டுக் கழுவினா எந்தக் கிருமிங்க நிக்கும்?" என்றாள் என் மனைவி. மஞ்சள் வாடையைப் போக்கும். கிருமியை ஒழிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சமரசம். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதில்லை. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தெறிக்காமல் அலசுகிறோம். பிறகு பாத்திரம், தொட்டி, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். கோழிக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி. காய்கறியை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டுத்தான் கோழியைத் தொடுவது. கடையிலிருந்து வாங்கி வந்ததும் அடுப்பு, இல்லையென்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. மிஞ்சிய குழம்பை ராத்திரி வரை மேடையில் விட்டு வைப்பதில்லை. மறுநாள் எடுத்தால் நன்றாகக் கொதிக்கவைத்துச் சுண்டவைக்கிறோம். பிந்தியது நம் ஆச்சிமார் செய்ததுதான்.

கடைக்காரருக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. போன வாரம் அவரிடம், "அண்ணாச்சி, வாளித் தண்ணியைக் கொஞ்சம் மாத்திட்டு அலசுங்களேன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் மாற்றினார். எனக்குப் பின்னால் நின்றவர்களும் அதைப் பார்த்தார்கள். நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கேட்காமலே மாற்றுவார்.

இந்த விடுமுறைக்கும் பேரன் வருகிறான். பச்சைப் பலகை காய்கறிக்கு, சிவப்புப் பலகை கோழிக்கு என்று வாங்கி வைத்திருக்கிறேன்.