புதிய கங்காணிகளும் புதிய துண்டும்!

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில் பதுளை நகரிலே இருவகைக் காட்சிகளைக் காணலாம். பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும், அப்புத்தளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வந்த தோட்டத்துப் பிள்ளைகள், தம் புள்ளிகளை வைத்துக்கொண்டு, “எமக்கு எங்கே இடம்?” என்று ஏங்கி நிற்பது ஒரு காட்சி. அப்பிள்ளைகளைத் தேடி வந்து, வண்ணத்தாளில் அச்சிட்ட மாடமாளிகைகளைக் காட்டி, “வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உன்னை அழைக்கிறது, முன்பணத்தைக் கட்டு” என்று வலை வீசுவோர் நிற்பது மற்றொரு காட்சி. முன்னது நம் பெருமை. பின்னது நம் விழிப்பைக் கோருவது.

வெளிநாட்டுக் கல்வியை நாம் வெறுப்பவர் அல்லர். கடல் கடந்து கற்று வந்து மலையகத்துக்குப் பெருமை சேர்த்தவர் பலர். ஆயின், இரண்டு மூன்று அழைப்புக் கடிதங்கள் கையில் இருக்கும்போது எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்பதைக் கடிதத்தின் பளபளப்பா தீர்மானிப்பது? கடிதத்தைக் கொண்டுவந்தவனின் நாவன்மையா தீர்மானிப்பது? இதுவே நம் கேள்வி.

நம் முன்னோர் கதை நமக்கு மறந்துபோயிற்றா? திருச்சி, புதுக்கோட்டை, சேலம் சீமைகளுக்குக் கங்காணி சென்றான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கதை அளந்தான். பஞ்சத்தில் வாடியவனின் கையில் முன்பணத்தைத் திணித்தான். மலைக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பணம் கடனாகப் பேரேட்டில் ஏறிற்று. கடன் தீராத தொழிலாளி தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதற்கும் ‘துண்டு’ வேண்டியிருந்தது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. கொண்டுவந்த ஆட்களின் தலையை எண்ணிக் கங்காணிக்குக் காசு கிடைத்தது என்பதும் வரலாறு.

இன்றைய கல்வி முகவரின் தொழிலை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவனுக்கும் அவரிற் பலர் கல்வி நிறுவனத்திடம் தரகு பெறுகின்றனர். அவ்வாறாயின், “ஆலோசனை இலவசம்” என்ற பலகைக்கு என்ன பொருள்? அன்றைய கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தான். இவர்களோ முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் பிடிக்கின்றனர்! முகவர் அனைவரும் வஞ்சகர் என்று நாம் கூறவில்லை. நேர்மையானவரும் உளர். ஆனால், எந்தக் கதவைத் திறந்தால் தமக்குத் தரகு கிடைக்குமோ அந்தக் கதவையே காட்டுபவரிடம் நம் பிள்ளையின் வாழ்வை ஒப்படைக்கலாமா?

இந்த வணிகம் செழிக்க இடங்கொடுத்தது எது? அரசின் மந்தகதியே! இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதமும் வெளிநாட்டுக் கடிதமும் ஒரே நாளில் வருவதில்லை. பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பல்கலைக்கழகத்தில் கால் வைப்பதற்குள் மாணவனின் இளமையில் ஓராண்டும் அதற்கு மேலும் கரைந்துவிடுகின்றன. இடையிலே வரும் வெளிநாட்டுக் கடிதமோ, “இத்தனை நாளுக்குள் பணம் கட்டாவிடில் இடம் போய்விடும்” என்று மிரட்டுகிறது. ஒரு தட்டிலே கடிதம். மறு தட்டிலே வெறும் காத்திருப்பு. இதற்குத் தெரிவு என்று பெயரா? தெரிவு அன்று, நெருக்கடி!

அந்த நெருக்கடியில் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. தந்தையின் சேமலாப நிதி கரைகிறது. ஆகவே உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 5,000 டொலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். ஆகவே கட்டணம் 10 இலட்சம். அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. கட்டணம் 18 இலட்சம்! அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாய். மார்ச்சில் 1,000 நாள் கொழுந்து பறித்துக் கட்டவேண்டியிருந்த ஓராண்டுக் கட்டணம், மே மாதத்தில் 1,800 நாள் கூலியாயிற்று. படிப்பு மாறவில்லை, பாடமும் மாறவில்லை, பணத்தின் மதிப்பு மாறிற்று. 2024இல் கூலி 1,350 ரூபாய் ஆன பின்னரும், டொலரை 300 ரூபாய் என்று கொண்டால், அதே கட்டணத்துக்கு 1,100 நாளுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டும். இது ஓராண்டுக் கட்டணம் மட்டுமே. உண்டி, உறையுள், பயணம், விசா எல்லாம் புறம்பு.

“வேலை செய்துகொண்டே படிக்கலாம்” என்று தேன் தடவுவார்கள். இந்தியாவின் மாணவர் விசாவில் வேலை செய்ய உரிமை இல்லை. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவன் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே உழைக்கலாம். அந்த வருவாய் வயிற்றுக்குக் காணுமா, கட்டணத்துக்குக் காணுமா?

அடுத்தது பட்டத்தின் பெறுமதி. பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை விழும் என்று எத்தனை பெற்றோர் கேட்கின்றனர்? கல்லூரியின் பெயர் வேறு. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் வேறு. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவே போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு எச்சரித்து வருகிறது. அங்கே கல்வி நிறுவனங்களைத் தரம் பிரிக்கத் தேசிய மதிப்பீட்டு அவை இருக்கிறது. 2016 முதல் அரசின் தரவரிசையும் வெளிவருகிறது. இவற்றைப் பாராது பணம் கட்டுதல் குருட்டாட்டம் அன்றோ? வெளிநாட்டில் மருத்துவம் கற்றவன் தாய்நாடு திரும்பினால், அவன் கற்ற கல்லூரியை இலங்கை மருத்துவப் பேரவை ஏற்கவேண்டும்; அதன் பின் பதிவுக்கான பரீட்சையிலும் தேறவேண்டும். இதனைச் சேரும் முன்னர் அறிபவன் அறிவாளி. ஆறு ஆண்டு கழித்து அறிபவனின் கதி என்ன?

அழைப்புகளில் உண்மையிலே மதிக்கத்தக்கவையும் உண்டு. கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாக வரும் புலமைப்பரிசில்கள் அத்தகையன: இளநிலைப் பட்டத்துக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுநிலைக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், தகவல் தொழில்நுட்பப் பொறியியலுக்கு ராஜீவ் காந்தி புலமைப்பரிசில். கட்டணமும் மாதப் படியும் அவற்றில் அடங்கும். தரகருக்கு அங்கே வேலை இல்லை. ஆதலாற்றான் அவற்றின் பெயரைத் தரகர் உச்சரிப்பதே இல்லை!

இங்கே வரலாற்றின் கொடுமை ஒன்றையும் கூறவேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டனாரை இந்த மண்ணிலே நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று தலை எண்ணிப் பங்கிட்டது. இன்று அந்தப் பாட்டனாரின் பேரன் திருச்சிக்குப் படிக்கச் சென்றால், அங்கே அவன் அயல்நாட்டு மாணவன். குறித்த நாளுக்குள் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தில் பெயர் பதியவேண்டியவன். ஆகவே, “அது நம் ஊர்தானே, எல்லாம் தானாகச் சரியாகும்” என்ற பாசப் பேச்சை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். பாசம் வேறு, பத்திரம் வேறு.

“உள்ளூர்ப் பல்கலைக்கழகம் என்ன பெரிதாகத் தந்துவிடும்?” என்று ஏளனம் பேசுவோர் நம்மிடையே உளர். தாமதம் உண்டு, பகிடிவதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டணமில்லாக் கல்வி எளிதில் கிடைத்த சொத்து அன்று. 1945இல் நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி, தோட்டப் பாடசாலையை எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1970களிலேதான் அப்பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கியது. இன்று பதுளையிலே, பசறை வீதியிலேயே, 2005இல் நிறுவிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிற்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே அங்கு ஒரு பட்டம் உண்டு. தேயிலையோடு பிறந்து தேயிலையோடு தேய்ந்த தாயின் மகள், அந்தத் தேயிலையின் விஞ்ஞானத்தில் பட்டம் பெறுவது இழிவா? பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கிய 5 வீத இடங்களில் பதுளை மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. ஆயினும், தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைக்கு அந்தப் பங்கு எவ்வாறு வந்து சேரும்? கோபப்படவேண்டிய இடம் இது! கோபத்தைக் கொண்டுபோய்த் தரகனின் மேசையில் பணமாகக் கொட்டுவதால் ஆவது என்ன?

ஆகவே நாம் முடிவாகச் சொல்வது இது. விரும்பிய துறையில் அரசு பல்கலைக்கழக இடம் கிடைத்தால் அதுவே முதல். அத்துறை இங்கே கிடையாவிடில், முழுச் செலவையும் ஏற்கும் புலமைப்பரிசில் அடுத்தது. பணம் கட்டிப் படிக்கும் வெளிநாட்டு இடம் கடைசி. அதுவும் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டென்று எழுத்தில் உறுதியாகி, ஓராண்டுக்கு அன்றி எல்லா ஆண்டுகளுக்கும் பணவழி தெரிந்த பின்னரே. கட்டிய பணம் எந்நிலையில் திரும்பும் என்பதை எழுத்தில் தர மறுப்பவரின் வாசற்படியை மிதிக்காதீர்கள்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் வாழும் ஆசிரியர்களே, வைத்தியர்களே, சட்டத்தரணிகளே! பெறுபேறு வரும் மாதத்தில் ஞாயிறுதோறும் ஒரு பாடசாலை மண்டபத்தில் அமருங்கள். பிள்ளைகள் கொண்டுவரும் கடிதங்களை வரிக்கு வரி படித்துச் சொல்லுங்கள். அதற்கு நிதி வேண்டாம். நெஞ்சு இருந்தாற் போதும். மாலை சூட்டிக்கொள்ளும் தலைவர்களே! அனுமதித் திகதிகளை முன்கூட்டி அறிவிக்கும்படியும், தோட்டங்களுக்கு விஞ்ஞான ஆசிரியரை அனுப்பும்படியும் பாராளுமன்றத்தில் கேளுங்கள். தோட்டக்காட்டிலும் மரக்கறிப் பாத்தியிலும் வியர்வை சிந்தும் பெற்றோரே! கையெழுத்திடும் முன் ஒரு வாரம் பொறுங்கள். ஊரில் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

அன்று எழுத்தறியாத பாட்டன் கைநாட்டு வைத்து ஏமாந்தான். அவனைக் குறை சொல்வாரில்லை. இன்று உயர்தரம் தேறிய பேரன் படித்துப் பாராமல் கையொப்பமிட்டு ஏமாந்தால், அந்தப் பழி நம் எல்லோரையும் சாரும்!