பொறியியலா? இயற்பியலா?

மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் எங்களை எதிர்கொள்ளும் முதற்கேள்வி, "கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதே. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டு, எண் உயர்ந்திருந்தால் பொறியியல்தான் என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்கள். "இவ்வளவு மதிப்பெண் பெற்றுவிட்டு பி.எஸ்சி. இயற்பியலா? வீணாகிவிடுமே!" என்கிறார்கள். மதிப்பெண் என்ன, உடனே மாற்றாவிட்டால் செல்லாமற்போகும் நோட்டா?

பொறியியலை நாங்கள் குறைத்துக் கூற வரவில்லை. நான்கே ஆண்டுகளில் ஒரு தொழிலைக் கையில் தரும் படிப்பு அது. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்ற அய்யலசோமயாஜுலா லலிதா, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1943இல் தேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரான அவர், பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்திட்டப் பணியிலும் பங்கேற்றார். அவரை நிமிர்ந்து வாழச் செய்தது அப்படிப்பே.

இயற்பியலின் பயனோ மெல்லத்தான் கனியும். இளங்கலைக்கு மூன்றாண்டு, முதுகலைக்கு இரண்டாண்டு. ஆராய்ச்சி என்றால் அதற்கும் மேல். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி, சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் உழைத்து, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். இயற்பியல் படித்தால் ஆசிரியப் பணி மட்டுமே என்போர் இதனை எண்ணிப்பார்க்கட்டும்.

இரண்டிற்கும் நடுவே சுவர் ஒன்றும் இல்லை. டாக்டர் அப்துல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்த பின்னரே குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் கற்றார். இன்றும் கணிதம் பயின்ற பி.எஸ்சி. பட்டதாரிகள் பொறியியலில் நேரடியாக இரண்டாமாண்டில் சேர வழியுண்டு. 2023 செப்டம்பர் 2ஆம் நாள் கதிரவனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா விண்கலத்திற்கு இயற்பியலாரும் வேண்டியிருந்தனர், பொறியாளரும் வேண்டியிருந்தனர்.

பெற்றோரிடம் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அண்ணனுக்குக் கடன் வாங்கியேனும் பொறியியல். தங்கைக்கு, செலவு குறைவென்று, பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இவ்வழக்கம் பல இல்லங்களில் இன்னும் உள்ளது. இயற்பியலை மூன்றாண்டோடு நிறுத்துவது பாதி வழியில் இறக்கிவிடுவதைப் போன்றது. ஆகவே, இயற்பியலுக்கு அனுப்புவதாயின் ஐந்தாண்டுக்கு மனமொப்பி அனுப்புங்கள். மகள் பொறியியலை விரும்பினால், செலவைக் காட்டி உடனே மறுத்துவிடாதீர்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, அரசின் கலந்தாய்வு வழியே சேருவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்பதையும் விசாரித்தறியுங்கள்.

சகோதரிகளே, தோழி சேருகிறாள் என்பதற்காக எதிலும் சேராதீர்கள். பாடத்தில் ஒன்று ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்று உங்கள் மனம் ஓயாது கேட்கிறதா? அல்லது, அதைக்கொண்டு எதைச் செய்யலாம் என்று கை துடிக்கிறதா? விடையை அறிந்து, அதனை வீட்டில் பணிவோடும் துணிவோடும் எடுத்துரையுங்கள்.